கோத்தகிரியில் ஒரு பழைய மடிக்கணினி: அசைவூட்டம் கற்கத் தொடங்குபவர் எந்த மென்பொருளை எடுப்பது?

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் படம் வரைந்து, பக்கங்களை விரலால் சடசடவென்று புரட்டி, படத்தை ஓடவும் குதிக்கவும் வைப்பது சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்டோபர் வாரத்தில் அவள் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த ஒப்பீடு பிறந்தது. "சித்தப்பா, கம்ப்யூட்டர்ல அனிமேஷன் கத்துக்கணும்னா எதுல ஆரம்பிக்கறது?" பள்ளியில் ஓவியம் கற்பிப்பவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று அவள் நம்பினாள். தாளும் தூரிகையும் எனக்குப் பழக்கம். இந்த மென்பொருள்களோ அவளுக்கு எவ்வளவு புதியவையோ எனக்கும் அவ்வளவு புதியவை. எனவே இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் நிறுவி, ஒரே வேலையை ஒவ்வொன்றிலும் செய்து பார்த்தோம்.

சில நாட்களிலேயே ஒன்று புலப்பட்டது. ஒரு மென்பொருள் "கஷ்டம்" என்று சொல்லப்படும்போது அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சிரமங்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது கணினியின் சிரமம், அதாவது கையில் இருக்கும் பொறி அந்த மென்பொருளைத் தாங்குமா என்பது. இரண்டாவது அந்த மென்பொருளின் சொற்களும் பொத்தான்களும். மூன்றாவதுதான் அசைவு: ஒரு கை எப்போது மெதுவாகத் தொடங்கி எப்போது வேகம் எடுக்கிறது, எங்கே நின்று எங்கே தளர்கிறது என்பதைக் கண்டு வரைவது. முதல் இரண்டும் மென்பொருளை மாற்றினால் பெரும்பாலும் வீணாகிவிடும், மூன்றாவது எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். ஆகவே முதல் இரண்டு சிரமங்களையும் இயன்ற அளவு குறைத்து, மூன்றாவதோடு நாளெல்லாம் மல்லுக்கட்ட விடுகிற மென்பொருளே தொடக்கத்துக்கு ஏற்றது என்ற முடிவுக்கு வந்தேன். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலால் செய்யப்பட்டது. வேலைச் சந்தையில் எதற்கு மதிப்பு, எதில் வசதிகள் அதிகம் என்பவற்றை அளவுகோலாகக் கொண்டால் வரிசை வேறாக இருக்கும்.

மலையில் இருப்பவர்களுக்கு முதல் சிரமம் சற்றுக் கூடுதல். எங்கள் வீட்டு மடிக்கணினி 4 ஜிபி நினைவகம் கொண்டது, தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. பழுதானால் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். காற்றோடு மழை அடித்தால் எங்காவது ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்து கரண்ட் போய்விடும், சில சமயம் ஒரு நாள் முழுக்க வராது. கைப்பேசிச் சமிக்ஞையும் அதோடு மங்கும். இணையம் இல்லாமல் இயங்குமா, திடீரென்று கணினி அணைந்தால் வரைந்தது மிஞ்சுமா என்ற கேள்விகள் சமவெளி நகரத்தில் இருப்பவருக்குச் சிறியவையாகத் தோன்றலாம். எங்களுக்கு இவற்றைக் கேட்காமல் மேலே நகர முடியாது.

சோதனைக்கு எடுத்த வேலை 5 வினாடிக் காட்சி ஒன்று: கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கை. பொதுவாகத் தொடக்கப் பயிற்சியாகத் தரப்படுவது துள்ளும் பந்து. அதையும் செய்தோம், ஆனால் பந்துக்கு விரல்கள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் கையை மட்டும் கைப்பேசியில் படம் பிடித்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தோம். அதுவரை எங்கள் நினைப்பில் இருந்த அசைவே தவறு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கிள்ளலுக்கும் கை கூடைக்குப் போவதில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனி அடுத்தடுத்துக் கிள்ளிக்கொண்டே போகிறது. கிள்ளியது உள்ளங்கைக்குள் சேர்கிறது. கை நிறைந்த பிறகுதான் முழங்கை உயர்ந்து, மணிக்கட்டு ஒரு சுழற்று சுழன்று, கொழுந்து தோளுக்குப் பின்னால் போகிறது. கண் ஒருமுறைகூடக் கூடையைப் பார்ப்பதில்லை. (பல தோட்டங்களில் இப்போது கத்தரி வைத்தும் வெட்டுகிறார்கள், அந்த அசைவு முற்றிலும் வேறு.) வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 நிலைப்படங்கள், என்பது திரைப்பட வழக்கு. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது கையால் வரைபவர்களின் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கில் வினாடிக்கு 12 படம், 5 வினாடிக்கு 60 படம்.

முதலில் எடுத்தது பென்சில்2டி. இலவசம், திறந்த மூலம் (அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்). தரவிறக்க அளவு மிகச் சிறியதால் கைப்பேசி இணையத்திலேயே எளிதாக இறங்கிவிட்டது. திறந்தவுடன் ஒரு வெள்ளைத் தாள், பக்கத்தில் சில கருவிகள், கீழே படங்களை வரிசையாகக் காட்டும் டைம்லைன். பிட்மேப் (புள்ளிகளால் ஆன படம்), வெக்டர் (கோடுகளையும் வடிவங்களையும் கணக்காகப் பதிவது), கேமரா, ஒலி என்று நான்கே வகை லேயர்கள், அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகள். ஆனியன் ஸ்கின் என்னும் வசதியை இயக்கினால் முந்தைய படம் சிவப்பாகவும் அடுத்த படம் நீலமாகவும் மங்கலாகத் தெரியும். கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்துத் தாளின் மேல் தாள் போட்டு வரைபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிறுவிய அரை மணி நேரத்துக்குள் அண்ணன் மகள் முதல் 10 படங்களை ஓடவிட்டுப் பார்த்துவிட்டாள். 4 ஜிபி நினைவகத்தில் ஒரு முறைகூடத் திணறவில்லை.

குறைகளும் உண்டு. தூரிகைகள் மிகச் சாதாரணமானவை, பென்சில் கோட்டுக்குப் போதும், வண்ணத்துக்குப் போதாது. வெக்டர் லேயர் அவ்வளவாகக் கைக்கு வசப்படவில்லை, நாங்கள் பிட்மேப்போடு நின்றுவிட்டோம். இரண்டு படங்களுக்கு இடையில் உள்ளதைக் கணினியே நிரப்பித் தரும் வசதி வரைபடங்களுக்கு இல்லை. ஆனால் இந்தக் கடைசிக் குறையைத் தொடக்கக்காரருக்கான நன்மையாகவே நான் கருதுகிறேன். 60 படத்தையும் கையால் வரைந்தபோதுதான், கிள்ளும் கணத்துக்கு இரண்டு படமே போதும், கை உயர்வதற்கு எட்டுப் படமாவது வேண்டும் என்பது அவளுக்குத் தானாகவே புரிந்தது. அதை நான் சொல்லித் தந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள்.

அடுத்தது கிருத்தா. இது அடிப்படையில் ஓவியம் தீட்டுவதற்கான மென்பொருள், கேடிஇ என்னும் திறந்த மூலச் சமூகத்தின் உருவாக்கம். அசைவூட்ட வசதி 2016 இல் வந்த 3.0 பதிப்பில் சேர்க்கப்பட்டு, 2021 இறுதியில் வந்த 5.0 பதிப்பில் பெரிதும் திருத்தப்பட்டது. ஓவிய ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன், இதன் தூரிகைகளுக்கு ஈடாக இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. நீர்வண்ணத்தின் கசிவும் கரியின் சொரசொரப்பும் உண்மைக்கு வெகு அருகில் வருகின்றன. மூடுபனி இறங்கும் தேயிலைச் சரிவைப் பின்னணியாக இதில் வரைந்தபோது, தனி லேயராக வைத்த பனியின் அடர்த்தியைக் கீஃபிரேம் (எந்த இடத்தில் எவ்வளவு என்று குறித்து வைக்கும் ஃபிரேம்) போட்டுக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. அந்த ஒரு காட்சிக்காகவே அவள் கிருத்தாவை விட மறுத்துவிட்டாள்.

ஆயினும் முதல் மாலை கண்ணீரில்தான் முடிந்தது. ஒரு மணி நேரம் வரைந்துவிட்டு, "சித்தப்பா, எல்லாம் ஒரே இடத்துல விழுகுது" என்று வந்து நின்றாள். பார்த்தால் ஏறத்தாழ இருபது கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே படத்தில் கிடந்தன. காரணம் எளியது. கிருத்தாவில் டைம்லைனில் வேறு ஃபிரேமுக்கு நகர்ந்தால் மட்டும் போதாது, அங்கே புதிய வெற்று ஃபிரேம் ஒன்றை நாமே உருவாக்க வேண்டும். உருவாக்காவிட்டால் அதற்கு முன் இருக்கும் ஃபிரேமே நீண்டு நிற்கும், நாம் வரைவதெல்லாம் அதிலேயே போய்ச் சேரும். ஆனியன் ஸ்கின்னும் தானாக வராது, லேயரின் பக்கத்தில் உள்ள விளக்குச் சின்னத்தை அழுத்த வேண்டும். இவை இரண்டும் தெரிந்திருந்தால் அந்த மாலை வேறாக முடிந்திருக்கும். மென்பொருளின் சொற்களால் வரும் சிரமம் என்று மேலே நான் குறிப்பிட்டது இதைத்தான். அசைவைப் பற்றி அவளுக்கு ஐயம் ஏதும் இல்லை, இருந்தும் ஒரு மணி நேர உழைப்பு போயிற்று.

கிருத்தாவின் இன்னொரு சிரமம் நினைவகம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு தாளில் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு 4 பைட் என்றால் முழுவதும் வண்ணம் நிறைந்த ஒரு படத்துக்கு 8 எம்பிக்குச் சற்று மேல். 60 படத்துக்கு ஒரு லேயருக்கே அரை ஜிபி ஆகிறது. ஓடவிட்டுப் பார்ப்பதற்கென்று கிருத்தா தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளும் படங்கள் இதன்மேல் கூடும். 4 ஜிபியில் பெரும்பகுதியை விண்டோஸே எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் இது நெருக்கடிதான். தாளை 1280க்கு 720 ஆகக் குறைத்தால் ஒரு படம் 4 எம்பிக்கும் கீழே வந்துவிடுகிறது. அமைப்புகளுக்குள் சென்று, ஓட்டத்துக்கான சேமிப்பை நினைவகத்துக்குப் பதிலாக வன்தட்டில் வைக்கும்படி மாற்றவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்த பிறகு எங்கள் பழைய கணினியிலும் வேலை நடந்தது, சற்று மெதுவாக. 8 ஜிபி உள்ளவர்களுக்குக் குறுங்காட்சிகளில் இந்தத் தொல்லை பெரிதாக இராது.

ஓபன்டூன்ஸ் பற்றிச் சொல்லும்போது அதன் வரலாற்றிலிருந்து தொடங்குவது நியாயம். இத்தாலியைச் சேர்ந்த டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ் மென்பொருளை, ஜப்பானின் அசைவூட்டப் படக் கூடமான ஸ்டுடியோ ஜிப்லி 1990களிலிருந்தே பயன்படுத்தித் தன் தேவைக்கேற்ப மாற்றியும் வந்தது. 2016 மார்ச்சில் ஜப்பானிய நிறுவனமான டுவாங்கோ அதைத் திறந்த மூலமாக எல்லோருக்கும் வழங்கியது. பெரிய கூடத்தின் பட்டறைக் கருவி அப்படியே நம் வீட்டு மேசைக்கு வந்திருக்கிறது. அதன் பலமும் அதுவே, தொடக்கக்காரருக்கு அதன் தொல்லையும் அதுவே.

பலத்தை ஒரே எடுத்துக்காட்டில் காட்டலாம். டூன்ஸ் ராஸ்டர் என்னும் வகையில் வரைந்தால், ஒவ்வொரு வண்ணமும் ஒரு தட்டில் எண்ணோடு பதிவாகிறது. அறுபது படத்திலும் அக்காவின் சேலைக்கு நீலம் பூசி முடித்த பிறகு பச்சைதான் பொருத்தம் என்று தோன்றினால், தட்டில் அந்த ஒரு வண்ணத்தை மாற்றினால் போதும், அறுபது படமும் ஒரே நொடியில் மாறிவிடும். இதையே கிருத்தாவிலோ பென்சில்2டியின் பிட்மேப் லேயரிலோ செய்ய ஒவ்வொரு படமாகத் திறந்து திருத்த வேண்டும். தாளில் வரைந்து ஸ்கேன் செய்த படங்களைச் சுத்தமான கோடாக மாற்றித் தரும் வசதியும் இதில் இருக்கிறது. பேனா டேப்லட் (பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் விழும் பலகை) வாங்க இயலாதவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தொல்லை, வரையத் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. புதிய காட்சி, அதற்குள் புதிய லெவல் (ஒரு தொகுதிப் படங்கள்), அந்த லெவலின் வகை, அது எந்தக் கோப்புறையில் சேர வேண்டும் என்று அடுத்தடுத்துப் பல விவரங்கள் எதிரே வரும். படங்களின் வரிசை மேலிருந்து கீழாக இறங்கும் எக்ஸ்ஷீட் என்னும் அட்டவணையில் இருக்கிறது. பழைய கூடங்களில் காகிதத்தில் வைத்திருந்த ஃபிரேம் பட்டியலின் கணினி வடிவம் அது. படுக்கைவசமான டைம்லைன் பின்னாளில் சேர்க்கப்பட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காட்சியைச் சேமிப்பதும் அதில் உள்ள படங்களைச் சேமிப்பதும் தனித்தனிக் கட்டளைகள். "அனைத்தையும் சேமி" என்பதை அழுத்தும் பழக்கம் வரும் முன்பே ஒரு மாலை கரண்ட் போயிற்று, மடிக்கணினியின் பழைய பேட்டரியும் கைவிட்டது. காட்சிக் கோப்பு இருந்தது, அன்று வரைந்த படங்கள் இல்லை. கவனக்குறைவு என்னுடையதே. ஆனால் தொடக்கக்காரர் எவரும் செய்யக்கூடியது என்பதால் இங்கே பதிகிறேன். ஓபன்டூன்ஸிலிருந்து கிளைத்த தஹோமா2டி இதே பலத்தைச் சற்று எளிய முகத்தோடு தருகிறது. இந்தக் குடும்பத்தில்தான் கற்பது என்று முடிவு செய்தவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

சின்ஃபிக் 2005 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. இதன் வழி முற்றிலும் வேறு. ஒவ்வொரு படமாக வரைவதற்குப் பதில், உருவத்தை வெக்டர் வடிவங்களாக ஒருமுறை அமைத்து, தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் குறித்தால் இடைப்பட்டதை மென்பொருளே நிரப்பும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது அல்லவா, அந்தப் பல்சக்கரத்தையும் அதோடு முன்னும் பின்னும் போகும் இணைப்புத் தண்டுகளையும் கையால் வரைந்தால் சக்கரம் கோணலாகிப் படத்துக்குப் படம் நடுங்கும். சின்ஃபிக்கில் ஒரு மாலையில் சீராகச் சுழன்றது. ஆனால் கொழுந்து பறிக்கும் கையை இதில் எலும்புகள் (உருவத்தின் பகுதிகளைத் திருப்பும் உள்சட்டம்) பொருத்தி அசைத்தபோது அட்டையில் வெட்டி ஆணி அடித்த பொம்மைக் கையாகத்தான் நின்றது. மணிக்கட்டு சுழலும்போது கையின் வடிவமே மாறுகிறது, புறங்கை மறைந்து உள்ளங்கை தெரிகிறது. வெட்டிய துண்டுகளைத் திருப்புவதால் அது வராது. இயந்திரம், எழுத்து, விளக்கப்படம் ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவருக்குச் சின்ஃபிக் நல்ல தொடக்கம், உயிருள்ள உடலை அசைக்க விரும்புபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி பிளெண்டர். யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் இதுதான், காரணமும் இருக்கிறது. நெதர்லாந்தில் டான் ரோசண்டால் 1994 இல் தொடங்கிய இந்த மென்பொருளை, 2002 இல் மக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி உரிமையை மீட்டுத் திறந்த மூலமாக்கினார்கள். முப்பரிமாண உருவாக்கம், எலும்புப் பொருத்தம், ஒளியமைப்பு, காட்சித் தொகுப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. 2025 இல் சிறந்த அசைவூட்டத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் பெற்ற லாட்வியப் படம் பிளெண்டரில் உருவானது. கிரீஸ் பென்சில் என்னும் வசதியால் இருபரிமாணத்திலும் கையால் வரையலாம். கோடுகள் புள்ளிகளின் தொடராகப் பதிவாவதால், கிருத்தாவில் பார்த்த நினைவகக் கணக்கு இங்கே பொருந்தாது.

இவ்வளவும் உண்மையாக இருக்க, இதைத் தொடக்கத்துக்கு நான் பரிந்துரைக்காதது ஏன் என்று கேட்கலாம். முதலாவதாகக் கணினி. அண்மைப் பதிப்புகள் குறைந்தது 8 ஜிபி நினைவகத்தையும் மிகப் பழையதல்லாத கிராஃபிக்ஸையும் எதிர்பார்க்கின்றன. எங்கள் மடிக்கணினியில் ஓடவில்லை, நண்பர் ஒருவரின் கணினியில்தான் சோதித்தோம். அடுத்து, காட்சியைச் சுற்றிப் பார்க்க மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், பார்வைக் கோணங்களுக்கு விசைப்பலகையின் வலப்பக்க எண் தொகுதி வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் தொகுதியே கிடையாது. இரண்டுக்கும் மாற்று அமைப்பு இருக்கிறது, ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரிவதற்குள் இரண்டு நாள் போய்விடுகிறது. பிறகு, ஆப்ஜெக்ட் நிலை, எடிட் நிலை, வரையும் நிலை என்று ஒரே உருவத்துக்குப் பல நிலைகள். ஒரு நிலையில் வேலை செய்யும் விசை இன்னொரு நிலையில் வேறொன்றைச் செய்யும். அசைவை நினைக்க வேண்டிய மனம் பொத்தானையே நினைத்துக்கொண்டிருக்கும். நண்பரின் கணினியில் மூன்று வார இறுதிகளைச் செலவிட்ட பின் எங்களிடம் இருந்தது ஒரு தேயிலைச் செடியின் உருவமும் அதைச் சுற்றிவரும் கேமராவும்தான், கை இன்னும் அசையவில்லை. பென்சில்2டியில் அதே கை நான்கு மாலைகளில் முடிந்திருந்தது.

முப்பரிமாணத்தில் இறுதிப் படங்களைக் கணித்து எடுப்பதற்கும் நேரம் பிடிக்கும். ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட 10 வினாடிக் காட்சியின் 240 ஃபிரேமுக்கு 8 மணி நேரம். இரவு முழுக்கக் கணினி ஓட வேண்டும், கரண்ட்டும் இருக்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிளெண்டரில் வெளியீட்டை நேரடியாக வீடியோவாக எடுக்காமல், பிஎன்ஜி படவரிசையாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படக்கோப்பாக, எடுங்கள். வீடியோவாக எடுக்கும்போது பாதியில் கணினி அணைந்தால் அந்தக் கோப்பு பெரும்பாலும் பயன்படாமல் போகும். படவரிசையானால் 150 ஆவது படத்தில் நின்றாலும் கரண்ட் வந்ததும் 151 இலிருந்து தொடரலாம். மற்றபடி பிளெண்டர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை தற்காலிக நகல் ஒன்றைத் தானாகவே சேமித்து வைப்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கட்டண மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். டூன் பூம் ஹார்மனி, அடோபி அனிமேட் ஆகிய இரண்டும் தொழில்முறைக் கூடங்களில் புழங்குபவை. முப்பரிமாணத்தில் ஆட்டோடெஸ்க் மாயா அந்த இடத்தில் இருக்கிறது, தகுதியுள்ள கல்வி நிறுவன மாணவர்களுக்கு அது இலவசமாகவும் கிடைக்கிறது. சந்தா முறையில் உள்ள மென்பொருள்கள் அவ்வப்போது இணையத்தில் இணைந்து உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ளும், மழைக்கால மலைவாசத்தில் அது கூடுதல் கவலை. சந்தாவை நிறுத்தினால் நாம் வரைந்த கோப்புகளையே திறந்து திருத்த முடியாது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒருமுறை பணம் கட்டி வாங்கக்கூடிய மோஹோ இதில் விதிவிலக்கு, எலும்பு பொருத்தி உருவங்களை அசைப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் இந்தக் கலை தனக்குப் பிடிக்கிறதா என்பதே தெரியாத கட்டத்தில் பணம் கட்ட வேண்டிய தேவை இல்லை.

கணினியே இல்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. என் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் உள்ள ஒரே திரை அப்பாவின் கைப்பேசிதான். அவர்கள் ஃபிளிப்பாக்ளிப் செயலியில் தொடங்கலாம். இலவசப் பதிப்பில் லேயர்களுக்கு வரம்பு உண்டு, முடித்த வீடியோவில் செயலியின் முத்திரையும் விழும், விரலால் வரையும் கோடு தடித்தே வரும். இருந்தாலும் ஆனியன் ஸ்கின், ஃபிரேம், வேகம் ஆகிய மூன்றையும் அது நேர்மையாகவே கற்றுத் தருகிறது. வரையவே பிடிக்காத பையன்கள் இரண்டு பேர், கைப்பேசியைச் செங்கல் அடுக்கின் மேல் நிறுத்தி, யூகலிப்டஸ் காய்களைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்து அணிவகுப்பு ஒன்று செய்து காட்டினார்கள். வேகம் கூடுவதும் குறைவதும் அந்தக் காய்களில் அவ்வளவு துல்லியமாக இருந்தது.

பேனா டேப்லட் தேவையா என்ற கேள்விக்கு என் பதில், கையால் வரையும் வழியைத் தேர்ந்தெடுத்தால் தேவை என்பதே. ஏறத்தாழ ஆறுக்கு நான்கு அங்குலப் பரப்புள்ள சிறியதே போதும், சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. கண் திரையிலும் கை மேசையிலும் இருப்பதற்குப் பழக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் வட்டங்களும் நேர்கோடுகளும் மட்டும் போட வைத்தேன். மவுஸை வைத்தே கற்பதானால் சின்ஃபிக், பிளெண்டர் ஆகிய இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும், பென்சில்2டியும் கிருத்தாவும் மவுஸுக்கு ஏற்றவை அல்ல.

ஆக, 4 ஜிபி கணினி வைத்திருப்பவர் பென்சில்2டியில் தொடங்குவதே சரி என்பது என் முடிவு. 8 ஜிபியும் பேனா டேப்லட்டும் இருந்து, ஓவியத்தில் முன்பே கை பழகியிருந்தால் நேராகக் கிருத்தாவுக்குப் போகலாம். காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்பவர்களும், ஒரு கதையை ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிச் சொல்லத் திட்டமிடுபவர்களும் தஹோமா2டியையோ ஓபன்டூன்ஸையோ ஏற்றுக்கொண்டு அவற்றின் தொடக்கச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முப்பரிமாணம்தான் விருப்பம் என்று தெளிவாகத் தெரிந்தவர் பிளெண்டரைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க வேண்டாம். முதலில் இருபரிமாணத்தில் மூன்று குறுங்காட்சிகளை முடித்துவிட்டு அங்கே போனால், கிராஃப் எடிட்டரில் தெரியும் வளைகோடு எதைக் குறிக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கும். எட்டுப் படத்தில் மெல்ல உயர்ந்து இரண்டு படத்தில் கிள்ளிய கையைத்தான் அந்த வளைவு கோடாகக் காட்டுகிறது.

வேலைக்கு எது உதவும் என்று அண்ணன் கவலைப்பட்டார், தகப்பனுக்கு அது இயல்பு. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அசைவூட்டத் திரைப்படத்துக்கென்று தனித் துறை உண்டு, அங்கே நுழைவுத் தேர்வில் பார்ப்பது வரைதிறனையும் கவனிப்பையும்தான், மென்பொருள் அறிவை அல்ல. கூடங்கள் எந்த மென்பொருளைக் கேட்கும் என்பது அவள் படித்து முடிப்பதற்குள் ஒரு முறையாவது மாறியிருக்கும். ஒரு காலத்தில் இணையம் முழுக்க நிறைந்திருந்த ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அன்று ஃபிளாஷில் கை அசைக்கக் கற்றவர்கள் இன்று வேறொன்றில் அதே கையை அசைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு அண்ணன் சற்று சமாதானமானார்.

இப்போதைக்கு அவளுடைய மடிக்கணினியில் இரண்டுதான் இருக்கின்றன: அசைவைப் பென்சில் கோட்டில் தேடுவதற்குப் பென்சில்2டி, தேடிக் கிடைத்ததைப் பிஎன்ஜி படவரிசையாக எடுத்துச் சென்று வண்ணம் தீட்டக் கிருத்தா. நினைவகத்தை 8 ஜிபியாக உயர்த்த அடுத்த முறை கோயம்புத்தூர் இறங்கும்போது பார்ப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். முடித்த 5 வினாடியைத் தோட்டத்து அக்காவிடம் கைப்பேசியில் காட்டினோம். அவர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கட்ட விரல் இவ்வளவு நேராவா நிக்கும்? மடங்கித்தான கிள்ளும்" என்றார். கட்டைவிரல் நேராக நிற்கும் ஆறு படங்களைத்தான் அவள் இந்த வாரம் திருத்திக்கொண்டிருக்கிறாள்.